கூட்டு உத்தரத்தின் கணினி மாதிரி சோதனையோடு ஒத்துப்போகாதபோது எதை முதலில் பார்ப்பது?

கேட்கப்பட்டது இதுதான்: இரு முனைகளிலும் எளிதாகத் தாங்கப்பட்ட எஃகு-கான்கிரீட் கூட்டு உத்தரம் ஒன்றை நேரியலற்ற முறையில் மாதிரியாக்கியிருக்கிறீர்கள். கீழே ஐ வடிவ எஃகு, மேலே கான்கிரீட் ஸ்லாப், இரண்டையும் பிணைக்கத் தலையுள்ள ஸ்டட்கள் (எஃகில் பற்றவைத்து ஸ்லாப்புக்குள் புதைத்த குட்டைத் தண்டுகள்). ஆரம்பத்திலேயே மாதிரி சோதனையைவிட விறைப்பாக இருக்கிறது, உச்சச் சுமையும் பத்து சதவீதம் போலக் கூடுதலாக வருகிறது. உச்சத்தைத் தாண்டிய பிறகு மெஷ்ஷை (மாதிரியை எலிமென்ட் என்னும் சிறு துண்டுகளாக வெட்டும் வலையை) நுணுக்கினால் ஒவ்வொரு முறையும் வேறு வளைவரை. கான்கிரீட்டுக்கு இன்னும் நுட்பமான மாடல் போட்டால் இவை சரியாகுமா?

ஆகாது என்றே சொல்வேன். மூன்று கோளாறுகளுக்கும் பெரும்பாலும் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்கும். அவற்றில் எதுவும் நீங்கள் சந்தேகப்படும் கான்கிரீட் அமுக்க வளைவரையின் வடிவத்தில் இல்லை. ஸ்லாப்புக்கும் எஃகுக்கும் நடுவே உள்ள இடைமுகம் முதல் ஆள். எஃகின் கடினமாதலை (ஈல்டு ஆகி, அதாவது நிரந்தரமாக நீளத் தொடங்கிய பின், மறுபடி தகைவு ஏறுவதை) எங்கே தொடங்க விட்டீர்கள் என்பது இரண்டாவது. விரிசலுக்கும் நொறுங்கலுக்குமான ஆற்றலை எலிமென்ட் அளவோடு பிணைத்தீர்களா என்பது மூன்றாவது. எண்களோடு பேசினால்தான் எது எவ்வளவு முக்கியம் என்று தெரியும். அதனால் ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

எஃகு உத்தரம் 400 மி.மீ உயரம், பரப்பு 8,450 சதுர மி.மீ, மேல் ஃபிளாஞ்ச் (ஐ-யின் கிடைத் தகடு) 180 மி.மீ அகலம், 13.5 மி.மீ தடிமன், ஈல்டு தகைவு 355 மெகாபாஸ்கல். ஸ்லாப் 2,000 மி.மீ அகலம், 120 மி.மீ தடிமன், சிலிண்டர் வலிமை 30 மெகாபாஸ்கல், மீட்சிக் குணகம் 30,000 மெகாபாஸ்கல். எஃகின் மீட்சிக் குணகம் 200,000. ஸ்பான் 8 மீட்டர்.

இடைமுகத்தில் நழுவலே இல்லை என்று வைத்தால், எஃகுக்கு மாற்றிய நிலைமத் திருப்புத்திறன் (வளைவை எதிர்க்கும் அளவு) சுமார் 737 மில்லியன் மி.மீ⁴ வருகிறது. ஸ்லாப்பும் எஃகும் ஒன்றோடொன்று ஒட்டாமல், ஒன்றின்மேல் ஒன்று சும்மா படுத்திருந்தால் அது 274 மில்லியன்தான். அதாவது இந்த உத்தரத்தின் விறைப்பு 2.7 மடங்கு வித்தியாசப்படும் இரண்டு எல்லைகளுக்கு நடுவே எங்கோ இருக்கிறது. எங்கே என்பதைத் தீர்மானிப்பது ஸ்டட்கள் மட்டுமே. கான்கிரீட்டின் குணகத்தை 10 சதவீதம் மாற்றிப் பாருங்கள், முழு விறைப்பு மூன்று சதவீதம்கூட நகராது. அப்படியிருக்க, கான்கிரீட் மாடலில் வாரக்கணக்கில் நேரம் போடுபவர்கள் இடைமுகத்தை ஒரு வரியில் 'டை' (நழுவவே விடாமல் ஒட்டும் கட்டளை) போட்டு முடித்துவிடுவது எனக்கு எப்போதும் புரியாத விஷயம்.

19 மி.மீ விட்டமுள்ள ஸ்டட்கள் 200 மி.மீ இடைவெளியில் ஒற்றை வரிசையாக இருக்கின்றன என்று வைப்போம். கூட்டுக் கட்டமைப்புகளுக்கான ஐரோப்பிய விதிமுறையான யூரோகோட் 4 இத்தகைய ஒரு ஸ்டட்டுக்கு 100 கிலோநியூட்டன்/மி.மீ விறைப்பை எடுக்கச் சொல்கிறது. அப்படியானால் நீளவாக்கில் ஒரு மி.மீ-க்கு 500 நியூட்டன்/மி.மீ. நியூமார்க், சீஸ், வீஸ்ட் ஆகியோர் 1951-இல் தந்த பகுதி இணைப்புச் சமன்பாட்டில் இதைப் போட்டு, சைன் வடிவச் சுமைக்குக் கணக்கிட்டால், விளைவு விறைப்பு 600 மில்லியன் மி.மீ⁴ ஆகிறது. தொய்வு, முழு ஒட்டுதல் என்று வைத்ததைவிட 23 சதவீதம் அதிகம். இத்தனைக்கும் எந்தப் பொருளும் இன்னும் ஈல்டு ஆகவில்லை, ஒரு விரிசலும் விழவில்லை. உங்கள் மாதிரி ஆரம்பத்திலேயே விறைப்பாக இருப்பதற்கு வேறு காரணம் தேடும் முன் இதைப் பாருங்கள். எந்த மென்பொருளும் வேண்டாம், ஒரு தாளில் பத்து நிமிட வேலை.

வலிமைப் பக்கம் கதை வேறு. முழு இணைப்பில் எஃகு முழுதும் ஈல்டு ஆகும்போது இழுவை 3,000 கிலோநியூட்டன். அதைச் சமன்செய்ய ஸ்லாப்பில் 59 மி.மீ ஆழத்துக்கு அமுக்கம் போதும். தாங்கும் மொமென்ட் (வளைக்கும் திருப்பம்) 872 கிலோநியூட்டன்-மீட்டர். எஃகு மட்டும் தனியாக இருந்தால் 464. இப்போது ஸ்டட்களைப் பாதியாக்கி, இடைமுகம் 1,500 கிலோநியூட்டன் மட்டுமே கடத்தும் என்று வைத்துக் கணக்கிட்டால் 749 வருகிறது, அதாவது முழு வலிமையில் 86 சதவீதம். பாதி ஸ்டட்கள் போனாலும் வலிமை ஏழில் ஒரு பங்குதான் குறைகிறது. வடிவமைப்பாளர்களுக்குப் பகுதி இணைப்பு பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம். ஆனால் மாதிரியாக்குபவருக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது: உச்சச் சுமை ஏறக்குறைய சரியாக வந்துவிட்டால் இடைமுகமும் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். உச்சச் சுமை இடைமுகத் தவறுகளை மன்னித்துவிடும். தொய்வும் நழுவலும் மன்னிக்காது.

சரி, ஸ்டட்டின் நடத்தையை எப்படித் தருவது? ஓல்கார்ட், ஸ்லட்டர், ஃபிஷர் மூவரும் 1971-இல் லீஹை பல்கலைக்கழகத்தில் செய்த தள்ளு சோதனைகளிலிருந்து (எஃகையும் கான்கிரீட்டையும் ஒன்றின்மேல் ஒன்று நழுவத் தள்ளி ஸ்டட்டை அளப்பவை) ஒரு சூத்திரம் தந்தார்கள். மி.மீ-இல் எழுதினால் இப்படி: நழுவலை 0.71-ஆல் பெருக்கி, e என்ற மாறிலியை அதன் எதிர்மறை அடுக்குக்கு உயர்த்தி, அதை ஒன்றிலிருந்து கழித்து, வருவதை 0.4 அடுக்குக்கு உயர்த்தினால், ஸ்டட் தன் வலிமையில் எத்தனை பங்கைத் தாங்குகிறது என்பது கிடைக்கும். 0.5 மி.மீ நழுவலில் 62 சதவீதம், 1 மி.மீ-இல் 76, 2 மி.மீ-இல் 90, 5 மி.மீ-இல் 99. அரை நூற்றாண்டு ஆகியும் இன்னும் பலரும் இதைத்தான் எடுக்கிறார்கள். பின்னால் வந்தவர்களில் பலர் இரண்டு மாறிலிகளையும் தங்கள் சோதனைக்கு ஏற்ப மாற்றினார்களே தவிர வடிவத்தை மாற்றவில்லை.

இந்தச் சூத்திரத்தை அப்படியே கணினியில் கொடுக்கக்கூடாது. அடுக்கு ஒன்றுக்குக் குறைவாக இருப்பதால் நழுவல் பூஜ்யமாக இருக்கும் இடத்தில் சாய்வு முடிவிலி. முதல் சுற்றிலேயே நிரல் திணறும், அல்லது தானாக ஏதோ ஒரு பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு உங்களுக்குச் சொல்லாமல் இருந்துவிடும். பாதி வலிமை வரை நேர்கோடாக வைத்து, அங்கிருந்து வளைவரையோடு சேர்த்துவிடுவது நல்ல வழி. பாதி வலிமை 0.27 மி.மீ நழுவலில் வருகிறது. எனவே 100 கிலோநியூட்டன் வலிமையுள்ள ஸ்டட்டுக்குத் தொடக்க விறைப்பு சுமார் 180 கிலோநியூட்டன்/மி.மீ. யூரோகோட் சொல்லும் 100-ஐவிட இது கூடுதல். இரண்டையும் போட்டுப் பார்த்து, சோதனை வளைவரை இடையில் விழுகிறதா என்று பார்ப்பது உங்கள் இடைமுகத்தைப் பற்றி நிறையச் சொல்லும்.

மறுமுனையில், இந்தச் சூத்திரத்துக்கு முறிவே கிடையாது. நழுவல் எவ்வளவு போனாலும் ஸ்டட் தாங்கிக்கொண்டே இருக்கும். உண்மையில் ஸ்டட் அறுந்துபோகும், அல்லது சுற்றியுள்ள கான்கிரீட் நொறுங்கும். யூரோகோட் 4 குறைந்தது 6 மி.மீ நழுவலைத் தாங்கினால்தான் ஒரு இணைப்பானை வளைந்துகொடுக்கும் வகை என்று ஒப்புக்கொள்கிறது. எனவே கணக்கு முடிந்ததும் முனையில் நழுவல் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 6 மி.மீ-ஐத் தாண்டியிருந்தால் அதற்குப் பிறகு வரும் வளைவரை நிரலின் கற்பனை. நெளிவுத் தகடு மேல் ஊற்றிய ஸ்லாப்பாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. அங்கே ஸ்டட் நெளிவின் எந்தப் பக்கம் பற்றவைக்கப்பட்டிருக்கிறது என்பதே வலிமையை மாற்றும், திடமான ஸ்லாப்பின் சூத்திரம் பொருந்தாது.

ஸ்டட்டையும் அதைச் சுற்றியுள்ள கான்கிரீட்டையும் முப்பரிமாண எலிமென்ட்களால் வரைந்து, நடத்தை தானாக வெளிவரட்டும் என்று சிலர் விடுகிறார்கள். ஸ்டட்டின் அடியில், பற்றவைப்பை ஒட்டியுள்ள கான்கிரீட் மூன்று பக்கமும் நெருக்கப்பட்டு, சிலிண்டர் வலிமையைப் போலப் பல மடங்கு தகைவில் வேலை செய்கிறது. அந்த நிலைக்குச் சரிபார்க்கப்பட்ட கான்கிரீட் மாடல்கள் மிகக் குறைவு. தனியாக ஒரு ஸ்டட்டை ஆராய்வதற்கு அது சரி. முழு உத்தரத்துக்குச் சோதனையிலிருந்து வந்த ஸ்பிரிங் விதியே நம்பகமானது.

அடுத்து எஃகு. இங்கேதான் உங்கள் பத்து சதவீதக் கூடுதல் ஒளிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இரு கோட்டு மாடலில் ஈல்டுக்குப் பிறகு மீட்சிக் குணகத்தின் 1 சதவீதம் சாய்வு போடுவது பலருக்கும் பழக்கம். அதாவது 2,000 மெகாபாஸ்கல். மேலே உள்ள உதாரணத்தில் ஸ்லாப்பின் மேல்முகம் 0.0035 திரிபை எட்டும்போது நடுநிலை அச்சு சுமார் 70 மி.மீ ஆழத்தில் இருந்தால், எஃகின் அடி ஃபிளாஞ்ச் 0.022-ஐ ஒட்டிய திரிபில் இருக்கும். கூட்டு உத்தரத்தில் எஃகு இவ்வளவு தூரம் இழுபடும் என்பதை வெறும் எஃகு உத்தரத்தோடு பழகியவர்கள் எதிர்பார்ப்பதில்லை. திரிபு 0.02 ஆகும்போது அந்தச் சாய்வு தகைவில் 36 மெகாபாஸ்கல் கூட்டியிருக்கும், 355-இல் பத்து சதவீதம். உண்மையான மென்னெஃகோ ஈல்டு ஆனபின் ஒரு சமதளத்தில் நடக்கிறது. ஈல்டு திரிபைப் போலப் பத்து மடங்கோ அதற்கு மேலோ போன பிறகுதான் கடினமாகத் தொடங்குகிறது. எனவே சமதளத்தைச் சேர்த்த மூன்று கோட்டு மாடலைப் போடுங்கள். கூப்பன் சோதனை (எஃகிலிருந்து வெட்டிய துண்டை இழுத்துப் பார்ப்பது) முடிவு இருந்தால் சமதளம் எங்கே முடிகிறது என்பதை அதிலிருந்தே எடுங்கள்.

நிலநடுக்கம் போல ஏறி இறங்கும் சுமை என்றால் விஷயம் மாறுகிறது. ஒருமுறை இழுத்து ஈல்டு ஆன எஃகை அமுக்கும்போது அது முன்னதாகவே, கூர்மையான முனை இல்லாமல் வளைந்து ஈல்டு ஆகும். பௌஷிங்கர் விளைவு என்பது இதுதான். மெனெகோட்டோ-பின்டோ 1973-இல் தந்த வளைவரை இதை அழகாகப் பிடிக்கிறது, ஃபைபர் நிரல்களில் (பகுதியை மெல்லிய அடுக்குகளாக வெட்டிக் கணக்கிடுபவை) பெரும்பாலும் அதுவே இருக்கும். ஆனால் அதற்குள் சமதளம் கிடையாது. அதனால் ஒருதிசைச் சுமைக்கு அதைப் போடுபவர்கள் மேலே சொன்ன பத்து சதவீதத்தை மறுபடியும் வாங்கிக்கொள்கிறார்கள்.

எஃகு பற்றி இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். உருட்டிய பகுதிகளில் குளிரும்போது தங்கிவிடும் எச்சத் தகைவு ஈல்டில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட இருக்கலாம். அது உச்ச மொமென்ட்டை மாற்றாது, ஆனால் ஈல்டு தொடங்கும் வளைவரையின் முழங்காலை மழுங்கடிக்கும். உங்கள் மாதிரி கூர்மையாகத் திரும்பி, சோதனை மெல்ல வளைந்தால் காரணம் இதுவாகவே இருக்கும். அப்புறம், முப்பரிமாண நிரல்கள் பெரும்பாலும் உண்மைத் தகைவையும் மடக்கைத் திரிபையும் எதிர்பார்க்கும். கூப்பன் சோதனை தருவது தொடக்கப் பரப்பை வைத்துக் கணக்கிட்ட பொறியியல் தகைவு. 2 சதவீதத் திரிபில் வித்தியாசமும் 2 சதவீதம்தான், ஆனால் 15 சதவீதத் திரிபில் அது பெரிது.

கான்கிரீட்டின் அமுக்கத்துக்கு வருவோம். ஹோக்னஸ்டாட் பரவளையமோ, 1971-இன் கென்ட்-பார்க் வளைவரையோ போதும். நேர் மொமென்ட் உள்ள (மேல் அமுங்கி, அடி இழுபடும்) பகுதியில் ஸ்லாப் நிறைய அகலமாக இருப்பதால் உச்சச் சுமையிலும் அதன் மொத்த அமுக்கத் திறனில் பாதிதான் செலவாகும். மேலே பார்த்த 59 மி.மீ ஆழத்தை நினைத்துக்கொள்ளுங்கள், ஸ்லாப்பில் பாதிதான் அது. கட்டுண்ட கான்கிரீட்டுக்கான 1988-இன் மாண்டர் மாடல் தூண்களுக்கு அவசியம். ஸ்லாப்பில் கம்பி வளையங்கள் இல்லாதபோது அதைப் போடுவது இல்லாத வலிமையைக் கடன் வாங்குவது.

இதைவிட முக்கியம் எந்த எண்ணைக் கொடுக்கிறீர்கள் என்பது. சோதனையோடு ஒப்பிடும்போது வடிவமைப்பு மதிப்பு வேண்டாம், பாதுகாப்புக் காரணிகளும் வேண்டாம். அளந்த சராசரியைக் கொடுங்கள். அளந்தது கனசதுரத்தில் என்றால் சிலிண்டர் வலிமை அதில் ஏறத்தாழ 0.8 பங்கு. கனசதுர எண்ணை நேரடியாகச் சிலிண்டர் மாடலில் போட்ட மாதிரிகள் ஏராளம். அளந்த மதிப்பு இல்லையென்றால் யூரோகோட் 2 சொல்வதுபோலச் சிறப்பியல்பு வலிமையோடு 8 மெகாபாஸ்கல் கூட்டிச் சராசரியாக எடுக்கலாம்.

இப்போது மெஷ் மாறினால் முடிவு மாறும் கோளாறு. இது மென்பொருளின் பிழை அல்ல. தகைவு-திரிபு வளைவரை இறங்கத் தொடங்கினால், சேதம் ஒரே ஒரு வரிசை எலிமென்ட்களில் குவிந்துவிடும். அந்த வரிசை எவ்வளவு மெல்லியதோ, உடைக்கத் தேவைப்படும் ஆற்றல் அவ்வளவு குறைவு. எலிமென்ட்டைப் பாதியாக்கினால் ஆற்றலும் பாதியாகும், முடிவே இல்லாமல் சுருங்கிக்கொண்டு போகும். விரிசலைத் திறக்கத் தேவைப்படும் ஆற்றல் ஒரு பொருட்பண்பு, அது எலிமென்ட் அளவைச் சார்ந்திருக்கக் கூடாது என்பதை ஹில்லர்போர்கும் உடனிருந்தவர்களும் 1976-இல் காட்டினார்கள். அதை எலிமென்ட் கணக்கில் நேரடியாகப் பயன்படுத்தும் வழியை பஜாந்தும் ஓவும் 1983-இல் விரிசல் பட்டை என்ற பெயரில் தந்தார்கள்.

எண்களில் பார்ப்போம். இழுவை வலிமை 3 மெகாபாஸ்கல், முறிவு ஆற்றல் ஒரு மி.மீ-க்கு 0.1 நியூட்டன். நேர்கோடாக இறங்கும் என்றால், விரிசல் 0.067 மி.மீ திறந்தபோது தகைவு பூஜ்யமாகும். எலிமென்ட் 100 மி.மீ என்றால் அந்தத் திறப்பு 0.00067 விரிசல் திரிபு. 10 மி.மீ என்றால் 0.0067. எலிமென்ட்டை நுணுக்கியபோது நீங்கள் இந்த எண்ணை மாற்றவில்லையா? அப்படியானால் ஒவ்வொரு மெஷ்ஷிலும் வேறு வேறு கான்கிரீட்டைத்தான் சோதித்திருக்கிறீர்கள். இன்னொரு எல்லையும் இருக்கிறது. இதே எண்களில் எலிமென்ட் சுமார் 670 மி.மீ-ஐத் தாண்டினால், சேமித்த மீட்சி ஆற்றல் முறிவு ஆற்றலை மிஞ்சிவிடும். அப்போது எந்த இறங்குமுகமும் அதற்குள் அடங்காது, வளைவரை பின்னோக்கி மடங்க வேண்டியிருக்கும். பல நிரல்கள் விரிசல் திறப்பையோ முறிவு ஆற்றலையோ நேரடியாகக் கேட்கும் தேர்வு வைத்திருக்கின்றன. திரிபாகக் கொடுப்பதைவிட அதுவே நல்லது. அமுக்கத்தில் நொறுங்கலுக்கும் இதே தத்துவம்தான், ஆற்றல் மட்டும் நூறு மடங்குக்கு மேல் பெரிது.

நேர் மொமென்ட் மட்டும் உள்ள உங்கள் உத்தரத்தில் விரிசல் அவ்வளவு ஆட்டிவைக்காது, உச்சத்துக்குப் பின் மெஷ்ஷோடு மாறுவது ஸ்லாப்பின் நொறுங்கல்தான். தொடர் உத்தரத்தில், நடுத் தாங்கியின் மேல், அது எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும். ஸ்லாப் அங்கே இழுவையில் இருக்கும். இரண்டு விரிசல்களுக்கு நடுவே உள்ள கான்கிரீட் கம்பியோடு ஒட்டிக்கொண்டு இன்னும் பாரம் சுமக்கும். இந்த இழுவை விறைப்பை விட்டுவிட்டால் தாங்கியின் மேல் விறைப்பு குறைந்து, மொமென்ட் நடுப்பகுதிக்குக் கூடுதலாக நகரும். அதே இடத்தில் எஃகின் கீழ் ஃபிளாஞ்ச் அமுக்கத்தில் இருப்பதால் உள்ளூர் நெளிவும் (தகடு அமுக்கத்தில் மடங்குவதும்) வரலாம். ஃபைபர் மாதிரிக்கு இந்த நெளிவு கண்ணுக்கே தெரியாது. நெளிவு நடத்தையைத் தீர்மானிக்கும் அளவுக்கு மெல்லிய வெப் (ஐ-யின் நிமிர்ந்த தகடு) என்றால் தகடாகவே மாதிரியாக்கும் ஷெல் எலிமென்ட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எலிமென்ட் வகை பற்றியும் சொல்ல வேண்டும். ஃபைபர் எலிமென்ட்டில் பகுதியை மெல்லிய அடுக்குகளாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒற்றைப் பரிமாண விதி தருகிறோம். கூட்டு உத்தரத்துக்கு ஸ்லாப்புக்கும் எஃகுக்கும் தனித்தனி அச்சு நகர்வு, பொதுவான தொய்வு, நடுவே நழுவல். அச்சு நகர்வை நேர்கோடாகவும் தொய்வை மூன்றாம் படியாகவும் வைக்கும் எளிய எலிமென்ட்டில் ஒரு வினோதம் நடக்கும்: நழுவல் என்பது அச்சு நகர்வுகளின் வித்தியாசமும் தொய்வின் சாய்வும் சேர்ந்தது. ஒன்று ஒன்றாம் படி, மற்றது இரண்டாம் படி. இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்ய முடியாமல் போவதால், இடைமுகம் விறைப்பாக இருந்தால் எலிமென்ட் பூட்டிக்கொள்ளும். வளைமை ரம்பப் பல் போல ஏறி இறங்கும். டல்லாஸ்டாவும் ஸோனாவும் இந்த நழுவல் பூட்டை விரிவாக ஆராய்ந்து, அச்சு நகர்வுக்கு நடுவில் ஒரு கணு சேர்த்து இரண்டாம் படியாக்கினால் தீரும் என்று காட்டினார்கள். ஆகவே மாதிரி விறைப்பாக இருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். எலிமென்ட்களை இரட்டித்துப் பாருங்கள். தொடக்க விறைப்பே நகர்ந்தால், பொருளில் அல்ல, எலிமென்ட்டில்தான் குறை.

விசை அடிப்படையிலான எலிமென்ட்டில் (நகர்வுக்குப் பதில் உள் விசைகளின் பரவலை முதலில் வைப்பது) வேறொரு கண்ணி. அங்கே ஒரு இன்டக்ரேஷன் புள்ளி (எலிமென்ட்டில் பகுதியின் நடத்தையைக் கணக்கிடும் இடம்) தளர்ந்தால் அதன் எடைக்கு உரிய நீளமே பிளாஸ்டிக் ஹின்ஜ் நீளம், அதாவது நிரந்தர வளைவு குவியும் நீளம். காஸ்-லொபாட்டோ விதியில் 5 புள்ளிகள் என்றால் முனைப் புள்ளிக்கு நீளத்தில் இருபதில் ஒரு பங்கு, 4 மீட்டர் எலிமென்ட்டில் 200 மி.மீ. 4 புள்ளிகள் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு, 333 மி.மீ. புள்ளிகளைக் கூட்டினால் துல்லியம் கூடும் என்று நினைத்து நீங்கள் உண்மையில் ஹின்ஜைச் சுருக்கிக்கொண்டிருப்பீர்கள். கடினமாகும் பகுதிக்கு இந்தப் பிரச்சினை இல்லை, இறங்கும் பகுதிக்கு மட்டுமே.

முப்பரிமாணத்தில் கான்கிரீட்டுக்குச் சேதமும் பிளாஸ்டிக் திரிபும் கலந்த மாடலைப் பயன்படுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இரு திசை அமுக்க வலிமையின் விகிதம் 1.16 என்ற எண் 1969-இல் குப்ஃபரும் உடனிருந்தவர்களும் செய்த சோதனைகளிலிருந்து வந்தது, அதைத் தொட வேண்டாம். விரிவுக் கோணம் (நொறுங்கும்போது கான்கிரீட் எவ்வளவு பருக்கும் என்பதன் அளவு) 30 முதல் 40 டிகிரி என்பது வழக்கம். ஸ்லாப்பில் அதன் தாக்கம் சிறிது. ஆபத்தானது பாகுநிலை மாறிலி, கணக்கு ஓடுவதற்காகச் சேதத்தைச் செயற்கையாகத் தாமதப்படுத்தும் எண். கணக்கு முடிய மறுக்கும்போது அதைக் கொஞ்சம் கூட்டினால் உடனே ஓடும், கூடவே வலிமையும் சத்தமில்லாமல் ஏறும். அதைப் பத்தில் ஒன்றாக்கி மறுபடி ஓட்டுங்கள். உச்சம் மாறினால் அந்த உச்சம் மாறிலி தந்தது, கான்கிரீட் தந்தது அல்ல. எக்ஸ்பிளிசிட் முறையில் (சமநிலையைத் தீர்க்காமல் மிகச் சிறு கால அடிகளாக நகர்வது) ஓட்டினால் இயக்க ஆற்றல் மொத்த உள் ஆற்றலில் ஐந்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தீர்வு முறையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுமையைப் படிப்படியாக ஏற்றும் நியூட்டன் முறை உச்சத்தில் நின்றுவிடும், ஏனெனில் அங்கே சாய்வு பூஜ்யம். நடுத் தொய்வைக் கட்டுப்படுத்தி ஏற்றுங்கள். அதுவும் பின்னோக்கி மடங்கினால் ரிக்ஸும் கிரிஸ்ஃபீல்டும் வளர்த்த வில்-நீள முறை. கணக்கு குவியாதபோது சகிப்பு எல்லையைத் தளர்த்துவது கடைசி வழியாக இருக்கட்டும். எந்த ஃபைபர் அப்போது நொறுங்கியது, எந்த ஸ்டட் முறிந்தது என்று முதலில் பார்த்தால் பெரும்பாலும் காரணம் அங்கேயே தெரியும்.

ஆய்வகச் சோதனை இளம் கான்கிரீட்டில், சில மணி நேரத்தில் முடிந்திருந்தால் காலத்தை மறக்கலாம். கட்டப்பட்ட உத்தரத்தை மாதிரியாக்கினால் முடியாது. ஸ்லாப் 0.0003 சுருங்க முயன்றால், நழுவலும் க்ரீப்பும் (நீண்டகாலச் சுமையில் கான்கிரீட் மெல்ல உருமாறுவது) இல்லாமல் கணக்கிட்டாலும், நம் உதாரணத்தில் சுமையே இல்லாமல் நடுவில் சுமார் 6 மி.மீ தொய்வு வரும். கான்கிரீட் ஊற்றும்போது முட்டு கொடுத்திருந்தார்களா இல்லையா என்பதும் தொடக்கத் தகைவை முழுக்க மாற்றும். முட்டு இல்லையென்றால் ஈரக் கான்கிரீட்டின் எடை முழுவதையும் எஃகு தனியாகச் சுமந்திருக்கும். மாதிரியில் ஸ்லாப்பை அதற்குப் பிறகுதான் உயிர்ப்பிக்க வேண்டும்.

இந்த வரிசையில் போங்கள் என்பேன். முதலில் மீட்சி நிலையில், நியூமார்க் சமன்பாட்டோடு உங்கள் தொடக்க விறைப்பு சில சதவீதத்துக்குள் பொருந்த வேண்டும். அடுத்து, இடைமுகத்தை மிக விறைப்பாக்கி, எஃகில் கடினமாதலை எடுத்துவிட்டு ஓட்டினால், கையால் கணக்கிட்ட முழு இணைப்பு மொமென்ட் வர வேண்டும். இடைமுகத்தை நீக்கினால் ஸ்லாப்பும் எஃகும் தனித்தனியாகத் தரும் மொமென்ட்களின் கூட்டுத்தொகையை ஒட்டி வர வேண்டும். இந்த மூன்றும் தேறாத மாதிரியைச் சோதனையோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. தேறிய பிறகு உண்மையான ஸ்டட் விதி, சமதளமுள்ள எஃகு, முறிவு ஆற்றலோடு பிணைந்த விரிசல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் எது எவ்வளவு நகர்ந்தது என்று குறித்து வையுங்கள்.

ஒப்பிட வெளியிடப்பட்ட சோதனைகளில் 1964-இல் சாப்மனும் பாலகிருஷ்ணனும் இம்பீரியல் கல்லூரியில் செய்த எளிய தாங்கி உத்தரங்களும், 1981-இன் ஆன்சூரியன் தொடர் உத்தரங்களும் பலரும் பயன்படுத்துபவை. அவற்றில் ஒன்றை எடுக்கும்போது சுமை-தொய்வு வளைவரையோடு நின்றுவிடாதீர்கள். விறைப்பு குறைந்த இடைமுகமும் கூடுதலாகக் கடினமாகும் எஃகும் ஒன்றின் தவறை மற்றது மறைத்து, அந்த வளைவரையை அச்சு அசலாகத் தரக்கூடும். நீளவாக்கில் நழுவல் எப்படிப் பரவுகிறது, முனையில் எவ்வளவு, நடுப்பகுதியில் எஃகின் அடியிலும் ஸ்லாப்பின் மேலும் திரிபு எவ்வளவு என்பவற்றையும் போட்டுப் பாருங்கள். உங்கள் சோதனை அறிக்கையில் முனை நழுவல் அளவீடு இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். 'டை' போட்ட மாதிரி அங்கே பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.